சகலை வீட்டு அழுக்கு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு ஏதாவது உயர்ந்த காரணம் எழுதிவைக்கலாம் என்று முயன்று பார்த்தேன். வாக்கியமே கூச்சப்பட்டது. என்னோடு எழுத ஆரம்பித்த ஒருவன் மீன்தொட்டியை வைத்து ஒரு கதை எழுதினான். அதற்குக் கூட்டம் போட்டார்கள். பேசியவர்களில் ஒருவர், அந்தத் தொட்டியில் இருப்பது தண்ணீரே அல்ல, காலம் என்றார். காலத்துக்குள் மீன் எப்படி மூச்சு விடும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இதை ஆரம்பித்தேன்.

முதல் தொடக்கம்: "அந்தி ஒளியில் நீர்த்தாவரங்கள் ஆழ்ந்த தியானத்தில் அமர்ந்—"

அடித்துவிட்டேன். செடிக்கு வேறு வேலை இருக்கிறது.

அடுத்தது: "கண்ணாடிக்காரருக்குத் தன் சகலையைக் கண்டால் ஆகாது."

இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க லென்ஸ் துடைப்பதுதான் பிழைப்பு. வாடிக்கையாளர் கழற்றி வைக்கும் கண்ணாடியைக் கேட்காமலே எடுத்துத் துடைத்துக் கொடுப்பார். எங்காவது ஒரு விரல்ரேகை தெரிந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், துடைக்கிற ரகமில்லை, பேசுகிற ரகம். அவர் வீட்டுக் கூடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு செடித்தொட்டி. உள்ளே புல்தரை, பாசி போர்த்திய மரக்கட்டை, இடுக்கில் ஊசி ஊசியாக மீன்கள். போன முறை அங்கே போயிருந்தபோது கண்ணாடிக்காரரின் மனைவி அதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை.

"எப்படி அத்தான் இதெல்லாம்?"

"நான் மீன் வளக்கறேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க," என்றார் சகலை சோபாவில் சாய்ந்தபடி. "நான் வளக்கறது தண்ணியை."

"கேட்டீங்களா? தண்ணியை வளக்கறாராம்."

சொல்லிவிட்டு அவள் அத்தானை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வை கண்ணாடிக்காரரின் கடைக்கும் கிடைத்ததில்லை, அவருக்கும் கிடைத்ததில்லை. அது ஒரு தடவையாவது தன் பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

(இங்கே அவர் மனம் வெந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். வயிற்றெரிச்சல் என்று ஒரே சொல்லில் முடிகிற விஷயம்.)

3

ஷோகேஸ் மேல் அடங்கும்படி ஒரு சின்னத் தொட்டி வாங்கினார். அடியில் கறுப்பு மண், மேலே மணல். மண் கலங்காமல் இருக்க ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீர் ஊற்றினார். கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி எடுக்கும் இடுக்கியால் ஒவ்வொரு செடியாக நட்டார். மூலையில் ஃபில்டர். டப்பாவுக்குள் ஒரு பஞ்சு, அதன் வழியாகத் தண்ணீரை இழுத்துவிட ஒரு குட்டி மோட்டார்.

"ஒரு மாசம் சும்மா ஓடட்டும் சார். அப்புறம் மீன் விடுங்க," என்றார் மீன்கடைக்காரர்.

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டார் எல்லோரும் இங்கே வருவதாக இருந்தார்கள். வெறும் தண்ணீரைக் காட்டவா முடியும்? கையோடு மூன்று கப்பி மீன்களையும் வாங்கிக்கொண்டார். தினமும் கடைக்குப் போகும் முன் பஞ்சை எடுத்துக் குழாயடியில் பிழிந்து, அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வெள்ளையான பிறகே திரும்ப வைத்தார்.

"தொட்டி பளிச்சுனுதான் இருக்கு," என்றாள் மனைவி. "ஆனா மீன் ஏங்க இப்படி மேலயே நிக்குது?"

"காத்து வாங்குது."

"அத்தான் வீட்டு மீனெல்லாம் உள்ளயே வாங்குதே."

4

இந்த இடத்தில் கதை நின்றுபோனது. மீன்களுக்கு என்ன கேடு என்று எனக்கே தெரியவில்லை. வேறு வழியில்லாமல், கைதட்டல் வாங்கியவனுக்கே போன் போட்டேன்.

"உன் ஆளு பஞ்சைக் கழுவினாரா?"

"தினமும். கண்ணாடி மாதிரி."

"அப்ப முடிஞ்சுது."

மீன் கழிவு விஷமாம். அதைத் தின்று தீர்க்கும் கிருமிகள் பஞ்சில் படியும் பழுப்பு அழுக்கில்தான் குடியேறுமாம். குடியேற ஒரு மாதம் பிடிக்கும். அதற்குத்தான் அந்த 'சும்மா'. குழாய்த் தண்ணீரில் கலக்கிற குளோரின் மருந்து பட்டால் அந்தக் கிருமிகள் குடும்பத்தோடு காலி.

"நீ நெஜமாவே தொட்டி வெச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"பின்ன எப்படிடா எழுதுனேன்?"

அவன் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பான் என்றுதான் இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார், தொட்டியைப் பார்த்தார். ஆச்சரியம், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் தனியாக வந்து வாசலிலேயே நின்றார். கையில் தண்ணீர் கட்டிய பிளாஸ்டிக் பை. உள்ளே சாக்கடையில் எடுத்தது போல ஒரு துண்டுப் பஞ்சு.

"நம்ம ஃபில்டர்ல பாதியை வெட்டிட்டு வந்தேன் சகலை. கழுவிடாதீங்க. அப்படியே உங்க டப்பாவுக்குள்ள வெச்சிடுங்க. இன்னிக்கே. மீனுக்கு நேரமில்ல."

"இவ்ளோ அழுக்கா இருக்கே."

"அதுக்குதான் கொண்டாந்தேன்."

"உங்க வீட்டு அழுக்கு எங்க வீட்ல எதுக்கு சகலை?"

சகலை கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அவர் குரலைத் தாழ்த்தி, "கொழுந்தியாகிட்ட நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம். நீங்களே சரி பண்ணதா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பெருமை பேசுகிறவனைக் கடைசியில் கவிழ்ப்பதுதான் என் தொழில். இந்த மனுஷன் பேசியதும் சரியாக இருக்கிறது, நடந்துகொள்வதும் சரியாக இருக்கிறது. ஜெயித்ததோடு நில்லாமல், நாம் தோற்றதை மறைக்கவும் கை கொடுக்கிறவனை யார்தான் பொறுத்துக்கொள்வது?

6

சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பஞ்சைக் குழாயடியில் அலசிவிட்டு உள்ளே வைக்கிறார். ரோஷம் பிழைக்கிறது, மீன்கள் பிழைக்கவில்லை. மனைவி அக்கா வீட்டுக்கு அடிக்கடி போக ஆரம்பிக்கிறாள்.

அல்லது, சத்தமில்லாமல் உள்ளே வைக்கிறார். மீன்கள் கீழே இறங்கிச் செடிகளுக்குள் ஓடுகின்றன. அவர் ஏங்கிய அந்தப் பார்வையை மனைவி அவர் பக்கம் திருப்புகிறாள். ஒவ்வொரு முறையும் அவர் தலையைக் குனிந்துகொள்கிறார், இரவல் சட்டையைப் புகழக் கேட்டவர் மாதிரி.

அல்லது உள்ளதைச் சொல்லிவிடுகிறார். "அத்தானுக்குத்தான் என்ன மனசு," என்று மனைவி கண்ணைத் துடைத்துக்—

இதை எழுத என் கை ஓடவில்லை.

ஆகவே, நடந்தவரை சொல்கிறேன். கண்ணாடிக்காரர் பையோடு ஷோகேஸ் அருகே நிற்கிறார். மூன்று மீன்களும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி மனைவி சமையலறையிலிருந்து வருகிறாள்.

"யாரு வந்தது? கையில என்ன அது?"

இதற்குமேல் என்னை நம்பாதீர்கள். நான் யார் கட்சி என்று இந்நேரம் தெரிந்திருக்கும். சகலையின் பஞ்சு பலிக்கவில்லை என்று காட்டுவதற்காக மூன்று மீன்களையும் சாகடித்துவிட்டு, அதற்கு ஒரு தத்துவமும் சொல்லிவிடுவேன். அவர் மனைவிக்கு என்ன பதில் சொல்கிறார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நிதானமாக யோசித்துச் செய்யுங்கள்.

முதலில் அந்தப் பஞ்சைத் தண்ணீரில் போடுங்கள்.