மைக்கில் வராத வரி

எலக்ட்ரீஷியனுக்கு அன்று காலையிலிருந்தே எல்லாம் எரிச்சல். காலர் கழுத்தை அறுத்தது, புது ஷூ கடித்தது. போதாக்குறைக்கு, சபையில் இன்று அவர்தான் மைக் பிடிக்க வேண்டும்.

வருடத்தின் முதல் ஞாயிறு. மெதடிஸ்ட் சபையில் உடன்படிக்கை ஆராதனை. கடவுளுக்குக் கொடுத்த வாக்கைச் சபையே எழுந்து நின்று புதுப்பிக்கும் நாள். வேலை கொடுத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நான் உமக்கே உரியவன் என்று போகும் ஜெபம். அதில் ஒரு வரி வரும்போது மட்டும் எலக்ட்ரீஷியன் வாயை மூடிக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு மட்டும் அது தெரியும்.

'நீர் விரும்புகிற எவரோடும் என்னைச் சேர்த்து நிறுத்தும்.' இதுதான் அந்த வரி.

எவரோடும் என்றால் மச்சினனும்தானே? தொழில் கற்றுக்கொடுத்து ஆளாக்கினார். அவனோ ஒரு பெரிய கட்டடத்தில் வயரிங் பாதியில் இருக்கும்போது, அவரை ஏணி மேல் விட்டுவிட்டு, சொந்தமாக சவுண்ட் செட் கடை போடப் போய்விட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

இந்த வருடம் ஒருவர் முன்னால் நின்று வரி வரியாகச் சொல்ல, சபை திருப்பிச் சொல்ல வேண்டுமாம். போதகரின் புது ஏற்பாடு.

"ஒரே ஒரு வரியை விட்டுடட்டுமா பாஸ்டர்?"

எந்த வரி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட போதகர், "பிடிச்சதை மட்டும் தட்டுல எடுத்துப் போட்டுக்க இது சாப்பாட்டு மேஜை இல்லீங்க. சௌகரியமானதுக்கு மட்டும் சரின்னு சொல்ல எதுக்கு வருஷா வருஷம் எழுந்து நிக்கணும்?" என்றார்.

"மைக் செட் பாக்கறது யாருன்னு தெரியுமில்ல?" என்றாள் மனைவி, வாசலில்.

"உன் தம்பிதான். அதான் கடுப்பே."

ஜெபம் தொடங்கியது. அந்த வரி வந்ததும் எலக்ட்ரீஷியன் உதட்டை மட்டும் அசைத்தார்.

சபை திருதிருவென்று விழித்தது. தலைகளெல்லாம் மூலையில் இருந்த சவுண்ட் செட் பக்கம் திரும்பின. மச்சினன் பதறிப்போய்க் குமிழ்களைத் திருகினான்.

"இன்னைக்காவது செட்டை ஒழுங்கா வைக்கக் கூடாதா தம்பி?" என்றார் முன்வரிசைக்காரர்.

"காலையில நல்லா இருந்துச்சு சார்," என்றவன் மேஜைக்கடியில் புகுந்து வயர்களைப் பிடுங்க ஆரம்பித்தான்.

எலக்ட்ரீஷியனுக்கு முதலில் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நன்றாகப் படட்டும். ஆனால் கோளாறே இல்லாத செட்டை அவன் வேர்த்து விறுவிறுத்துப் பிரித்துப் போடுவதைப் பார்க்கப் பார்க்க கை குறுகுறுத்தது. போதகர் வேறு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், எதையும் கழட்டாத."

மைக் அதை மண்டபம் முழுக்க ஒலித்தது. சனியன், நன்றாகவே வேலை செய்தது.

"செட்ல ஒண்ணுமில்ல. நான்தான் வரியைச் சொல்லல."

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சபை திருப்பிச் சொன்னது. மேஜைக்கடியிலிருந்தும் ஒரு குரல் வந்தது, அதேபோல் பல்லைக் கடித்தபடி.

ஆராதனை முடிந்து மனைவியைத் தேடி வந்தவரை மச்சினன் வழிமறித்தான்.

"மைக்கை அவ்வளவு தள்ளிப் பிடிச்சா யாருக்குக் கேக்கும் அத்தான்?"

"சத்தத்தைக் கூட்டி வைக்கணும்டா."

"கூட்டினா கீச்சுன்னு கத்துது."

"ஸ்பீக்கரை மைக்கைப் பாத்து மாட்டினா கத்தாம என்ன பண்ணும்? இதையா உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்?"

சுவரில் கோணலாக மாட்டியிருந்த ஸ்பீக்கரைப் பார்க்கவே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷூவை உதறினார். மூலையில் கிடந்த ஏணியை இழுத்துவந்து சாத்தி ஏறினார். பாதியில் நின்று கீழே பார்த்தார்.

"பிடிச்சுக்க. விட்டுட்டுப் போயிடாத."

மச்சினன் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.