மஞ்சள் சொண்டுக் காகம்

பீல் நகரில் பவதாரணி வேலை செய்யும் கைக்கடிகாரத் தொழிற்சாலையை ஆடி மாதத்தில்தான் விடுமுறைக்கு மூடுவார்கள். ஆடி அமாவாசையும் சொல்லிவைத்தாற்போல் அந்த விடுமுறைக்குள்ளேயே வந்து விழும். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இந்த முறையாவது தேசியப் பூங்காவின் மலைக் கணவாயில் நின்று பார்ப்பதென்று அவள் தை மாதமே அறை பதிவு செய்திருந்தாள். நாட்காட்டியைப் பார்க்காதது அவளுடைய பிழையாம். கணவர் இரவீந்திரன் அதை ரயிலில் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

விடியவே எழும்பி, விடுதிக் குசினியில் விரதச் சமையலை முடித்தது அவள்தான். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை. செத்துப்போன தகப்பனுக்காக மகன் பிடிக்கும் விரதம் அது. காகம் ஒரு வாய் எடுத்த பிறகுதான் மகன் சாப்பிடலாம். பீலில் பல்கனியில் வைத்தால் ஊர்க் காகமெல்லாம் வந்துவிடும். இங்கே சன்னலில் வைத்த சோற்றை ஒரு குருவிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மலையில் காகம் இல்லாமலா போகும் என்று சொல்லி, சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெறும் வயிற்றோடு அவர் புறப்பட்டார்.

பூங்கா வாசலில் பெரிய பலகை நின்றது. பாதையை விட்டு இறங்கக் கூடாது, பூப் பறிக்கக் கூடாது, பறவைக்கும் மிருகத்துக்கும் எதுவும் போடக் கூடாது. பவதாரணி அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் அந்த மனிதரை யாரும் வெல்ல முடியாது.

பாதை முழுக்கச் சுண்ணாம்புக் கல். வெயிலில் கண் கூசும், கால் வைத்தால் சறுக்கும். வெட்டித் தைத்த முழங்காலோடு அவள் ஏறினாள். கல்லுப்போல இருக்கும் மனிதர் வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கினார். கணவாய்க்குச் சற்றுக் கீழே, இளைப்பாறலாம் என்று மஞ்சள் கட்டை நட்டிருந்த இடத்தில் பொத்தென்று இருந்துவிட்டார். உதடு வெளுத்துப்போய்க் கை நடுங்கியது. இறங்க வேண்டிய பாதையோ இன்னும் செங்குத்து. சாப்பிடாமல் இறங்கினால் ஆள் பள்ளத்தில்தான் கிடப்பார். அவளுக்குப் பயம் வந்தது, பயத்தைவிடக் கோபம் கூடுதலாக வந்தது.

பெட்டியைத் திறந்து முன்னால் வைத்தாள். கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். ஒரு பிடி சோற்றைப் பாறையில் வைக்க அவர் எழும்பினார். எதிர்ச் சரிவில் தொலைநோக்கியோடு நின்ற பூங்காக் காவலரைக் காட்டி அவரை இருத்தினாள்.

"மகனாப் பிறந்தவன் செய்யிற கடமை. என்னால விடேலாது," என்றார் இரவீந்திரன்.

அந்தச் சொல் அவளைச் சுட்டது. அவளுடைய வீட்டில் மூன்றும் பெண்பிள்ளைகள். அவளுடைய அப்பாவுக்கென்று எந்த அமாவாசைக்கும் எவரும் ஒரு பிடி சோறு வைத்ததில்லை.

"அப்ப என்ர அப்பாவுக்கு ஆர் வைக்கிறது?" என்று கேட்டாள். "கலியாணம் கட்டின நாள் துவக்கம் உங்கட அப்பாவுக்கு நான்தானே சமைக்கிறன். ஒரு நாளாவது யோசிச்சனீங்களோ?"

விரதக்காரர் சாப்பிடுமுன் சமைத்தவள் வாய் வைப்பதில்லை. இன்றைக்கு வைப்பதென்று அவள் ஒரு வடையை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாறை விளிம்பிலிருந்து கறுப்பாக ஏதோ பாய்ந்தது. கையில் வடை இல்லை. எட்ட இருந்த கல்லில், மஞ்சள் சொண்டும் சிவப்புக் காலுமாக ஒரு மலைக் காகம் அதைக் கொத்திக்கொண்டிருந்தது.

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா வந்திட்டார்," என்று கை கூப்பினார்.

"உங்கட அப்பா இல்லை. என்ர கையிலயிருந்துதான் எடுத்தது. இது என்ர அப்பா."

கூப்பிய கை அப்படியே நின்றது. தன் விரதம் முடிந்ததா இல்லையா என்று மனிதர் கணக்குப் பார்க்கிறார் என்றே அவள் நினைத்தாள். பற்றிக்கொண்டு வந்தது. இனி ஒரு சொல் கதைத்தால் பெட்டியை மூடிக்கொண்டு தனியே இறங்கிவிடுவதென்று இருந்தாள்.

"மாமாவுக்கு வடை விருப்பமோ?" என்று அவர் கேட்டார்.

ஓம் என்றாள். இரவீந்திரன் சோற்றையும் பருப்பையும் குழைத்து, முதல் பிடியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிச் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தான் வாய் வைத்தார்.