இளகிய விசை

அன்று அடுக்களையில் இருந்தவர்கள்: குகதாசன் அண்ணை, அவருடைய மனைவி செல்வமலர் அக்கா, அவர்கள் வீட்டுச் சின்ன அறையில் வாடகைக்கு இருந்த நான். மேசையில், அண்ணை உடுத்துப் பழசான சாரத்தால் சுற்றியபடி ஒரு துவக்கு.

விளையாட்டுத் துவக்குதான். வாயு நிரப்பினால் பிளாஸ்ரிக் குண்டு சுடும். ஒவ்வொரு வெடிக்கும் மேற்பகுதி பின்னுக்கு அடித்து, உண்மையானது போலவே கையை உதைக்கும். ஆனால் 1996இல், லண்டன் பிளேஸ்டோவில், யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் கையில் அது இருந்தால் பொலிஸ்காரன் குண்டைக் கழற்றிப் பார்த்துவிட்டா பேசுவான்? அக்கா யன்னல் திரையை இழுத்து மூடினார்.

"இதுக்கோ அங்கயிருந்து ஓடி வந்தனாங்கள்?"

"கத்தாதையுமப்பா. இது பகல் ஷிப்டுக்கு."

அண்ணையும் நானும் மா குழைத்துப் பாண் போடும் ஒரே ஃபாக்டரியில் இரவு வேலை. அக்காவுக்கு முதியோர் இல்லமொன்றில் பகல் வேலை. அவர் எழும்பிப் போன கட்டிலில் அண்ணை வந்து படுப்பார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். எங்கள் சூப்பர்வைசர் டெறி ஞாயிற்றுக்கிழமைகளில் எசெக்ஸ் பக்கம் ஒரு காட்டுக்குள் இந்தத் துவக்குச் சண்டை விளையாடுவான். கூடப் போகிறவர்களுக்குத்தான் பகல் ஷிப்ட் கிடைத்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும். எனக்கு இரவு பிடிக்கும், ஆட்கள் குறைவு. அண்ணைக்கு எப்படியாவது பகல் வேண்டும்.

சிக்கல் அவருடைய வலது சுட்டுவிரல். பாண் தட்டு ட்ரொலியில் நசிந்தபின் அது மடியும், பலமாக இழுக்காது. துவக்கின் விசையோ கனம். நடுவிரலால் இழுத்துப் பார்த்தார். துவக்கு ஆடியது.

"நீ இஞ்சினியருக்குப் படிச்சனியெல்லோ தம்பி. கொஞ்சம் இளக்கித் தா."

"அரைவாசிதான் படிச்சனான். பிறகு விட்டுட்டன்."

"எனக்கும் அரைவாசி இளகினாக் காணும்."

கழற்றினேன். விசையை இழுத்தால் உள்ளே ஒரு கொக்கி விலகும். அது பிடித்து வைத்திருந்த சுத்தியல் பாய்ந்து வால்வைத் தட்ட, வாயு வெளியே வரும். அந்த வாயுவே மேற்பகுதியைப் பின்னுக்கு அடித்துச் சுத்தியலைத் திரும்பத் தள்ள, கொக்கி மறுபடி பிடிக்கும். சுத்தியலின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் தட்டுப் போதாமல் வால்வு திறக்காது. ஆகவே அதைத் தொடவில்லை. விசையின் ஸ்பிரிங்கைச் சற்று வளைத்தேன். கொக்கியின் விளிம்பை மெல்லிய அரத்தாளால் மினுக்கினேன். கூடத் தேய்த்தால் கொக்கி பிடிக்காது என்று தெரிந்தே, பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன்.

அண்ணை வெறும் பால்மா ரின்னைக் குறிவைத்தார். ஒரு இழுப்பு, ஒரு குண்டு. திரும்பத் திரும்ப அப்படியே. "பூ மாதிரி இருக்கடா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காட்டில் உறைபனி. குளிரில் வாயு சோர்ந்துவிடும் என்று, அது நிரப்பிய குண்டுக்கூட்டை அண்ணை கமக்கட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து, கடைசி நேரத்தில் மாட்டினார். டெறி முன்னுக்குக் குனிந்து போனான். அண்ணையும் துணைக்குப் போன நானும் பின்னால். பற்றையொன்று அசைந்தது. அண்ணை விசையைத் தொட்டார்.

துவக்கு நிற்கவில்லை. குண்டு முழுவதும் டெறியின் முதுகிலும் கழுத்திலும் போனது.

"விரலை எடுங்கோ அண்ணை!"

"எடுத்திட்டன்ரா! இஞ்ச பார், எடுத்திட்டன்!"

உண்மைதான். விரல் வெளியே நீட்டியபடி நின்றது. துவக்கு தன்பாட்டில் சுட்டு ஓய்ந்தது. டெறி சேற்றில் முகம்குப்புறக் கிடந்தான்.

வீட்டுக்கு வந்து, ஹீற்றரில் குளிர் காய்ந்தபின், அடுக்களையில் வைத்து இழுத்தோம். ஒரு இழுப்பு, ஒரு குண்டு. எத்தனை முறை இழுத்தாலும் அதே. அண்ணை என்னைப் பார்த்தார். நான் துவக்கைப் பார்த்தேன்.

வேலை போய்விட்டது என்றுதான் திங்கள் போனோம். டெறி கழுத்தில் சிவந்த புள்ளிகளைக் காட்டிச் சிரித்தான். தன்னுடையது ஒவ்வொன்றாகத்தான் சுடுமாம். இப்படித் தொடர்ந்து சுடுவதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டான். தன்னுடையதையும் கொண்டுவந்திருந்தான். அடுத்த ஞாயிற்றுக்குள் அதே மாதிரிச் செய்துதரவேண்டும். பகலில் ஓரிடம் காலியாகிறது என்று அண்ணையின் தோளில் தட்டினான்.

செய்யாத ஒன்றை நான் திரும்பச் செய்யவேண்டும். கிழமை முழுக்க இரண்டு துவக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நித்திரை இல்லை. விளங்கவில்லை.

"பிழையாச் செய்யத் தெரிஞ்ச உனக்கு, திரும்பப் பிழையாச் செய்யத் தெரியாதோ?" என்றார் அண்ணை.

"நான் பிழையாச் செய்யேல்லை."

"அப்ப ஆர் செய்தது? பேயோ?"

சனிக்கிழமை பின்வளவுக் கொட்டிலில் அண்ணையின் துவக்கை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய் எடுத்தேன். கூட்டை மாட்டித் தொட்டேன். முழுவதும் கொட்டியது. அடுக்களைக்குள் கொண்டுவந்து ஹீற்றர் பக்கத்தில் சற்று வைத்திருந்து இழுத்தேன். ஒன்று. வீட்டுக்குள் ஒழுங்கு, வெளியே விசர். எனக்கும் விசர் பிடித்துவிடும் போலிருந்தது.

அக்கா வந்து துவக்கின் மேல் மூக்கைச் சுளித்தார். முதல் தடவையாக அதைத் தொட்டார்.

"இதென்ன, என்ரை தேங்காயெண்ணெய் மணக்குது?"

அண்ணை யன்னலைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, உங்களைத்தான்."

"தம்பி பூட்டினாப் பிறகு ரெண்டு துளி விட்டனான். இன்னும் கொஞ்சம் இளகட்டுமெண்டு. உம்மட தையல் மெசினுக்கும் அதைத்தானே விடுறனான்."

எண்ணெய்ப் போத்தல் ஹீற்றருக்கு மேலே நின்றது. எப்போதும் அங்கேதான் நிற்கும், அக்கா தலைக்கு வைப்பதற்காக. அந்த வீட்டில் அது உறைந்து நான் கண்டதில்லை. துவக்கைத் திரும்பக் கொட்டிலில் வைத்து, குளிர்ந்தபின் கழற்றினேன். கொக்கியைச் சுற்றி மெழுகு மாதிரி வெள்ளை. விலகிய கொக்கி திரும்பி வந்து சுத்தியலைப் பிடிக்க அது விடவில்லை.

"சூப்பர்வைசற்றை தலையிலயும் வையுங்கோ" என்று அக்கா போத்தலை நீட்டினார்.

டெறியின் துவக்குக்கும் துளித்துளியாக விட்டோம். ஞாயிறு காட்டில் அது நிற்காமல் சுட்டது. அவன் சின்னப் பிள்ளை போலத் துள்ளினான். பழுதாகிப் போனதற்கு ஏன் அவ்வளவு சந்தோசம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அடுத்த கிழமை அண்ணைக்குப் பகல்.

முதல் பகல் வேலை முடிந்து அவர் வந்த பின்னேரம், இரவு வேலைக்கு நான் மட்டும் சப்பாத்துப் போட்டேன். அண்ணை சாரத்தோடு கோப்பையும் கையுமாக வந்து நின்றார்.

"தம்பி, கோடை வந்தா எண்ணெய் இளகுமே. அவன்ரை துவக்கு பழையபடி ஒண்டொண்டாத்தானே சுடும்?"

"ஓம்."

"அப்ப என்னைத் திரும்ப இரவுக்கு அனுப்புவானோ?"

"தெரியாது அண்ணை."

"வரேக்க பாப்பம்" என்றார் அக்கா. "நீங்கள் போங்கோ தம்பி. குளிர் உள்ளுக்கு வருது."

படியிறங்கினேன். கதவு சாத்துப்பட்டது. மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், பிறகு பூட்டுக்குள் திறப்பு திரும்பும் சத்தம்.