விட்டுப்போன வரி

“நல்ல புத்தகம்னு நீயே சொல்ற. அப்புறம் ஏன் வேதத்துல சேர்க்கல?”

“அப்போஸ்தலர்கள் காலத்துக்குப் பின்னாடி எழுதினது, சித்தி. வீட்ல படிக்கலாம், சபையில வேதமா வாசிக்கக் கூடாதுன்னு ஒரு பழைய பட்டியல் சொல்லுது.”

“லேட்டா வந்ததுதான் அது செஞ்ச பாவமா?”

எட்டு வருடத்துக்கு முந்தைய பேச்சு. இறையியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள், முதல் வகுப்புக்குச் சமையலறையில் ஒத்திகை பார்த்தாள். பட்டாணி உரித்தபடி கேட்ட சித்திதான் அவளுடைய முதல் மாணவி. கேள்வியைக் கேட்டு மகள் சிரித்துவிட்டாள். சித்திக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளின் ஏழாவது வயதில், அவள் அப்பாவின் இரண்டாம் மனைவியாக இந்த வீட்டுக்கு வந்தவள் சித்தி. அலமாரியில் இருந்த வேதாகமம் முதல் மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதன் முதல் பக்கத்தில் குடும்பத்தின் திருமணம், பிறப்பு, இறப்பு எல்லாம் இருந்தன. முதல் மனைவியின் மரணத்துக்குக் கீழே, இரண்டாம் திருமணம் வரவேண்டிய இடத்தில், ஒரு வரி வெற்றிடம். அதற்கும் கீழே, இரண்டு வருடத்துக்கு முன் மகள் எழுதிய அப்பாவின் மரணம். தூசி தட்டும்போதெல்லாம் சித்தி அந்த வெற்றிடத்தைப் பார்ப்பாள். அதில் தன்னை எழுதச் சொல்வது, இறந்தவளின் மோதிரத்தைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வது போல இருந்தது. கணவரிடம் கடைசிவரை கேட்கவில்லை.

இன்று மகள் தன் பத்து நாள் குழந்தையின் பெயரை அந்தப் பக்கத்தில் எழுதி, மை காய ஊதினாள். குழந்தை சித்தியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, அந்தப் பட்டியலெல்லாம் யார் உட்கார்ந்து முடிவு பண்ணினாங்க?”

“மறுபடியுமா? நீங்களே பரீட்சை எழுதலாம் சித்தி. ஒரே நாள்ல யாரும் முடிவு பண்ணல. அப்போஸ்தலர் வழி வந்ததா, விசுவாசத்தோட ஒத்துப்போகுதான்னு பார்த்தாங்க. ஊர் ஊரா சபைகள்ல விடாம வாசிச்சது நிலைச்சுது. பட்டியல் அதுக்கப்புறம்தான்.”

“சந்தேகப்பட்டதெல்லாம் என்னாச்சு?”

“சில நிருபங்களை, அந்தக் காலக் கடிதங்களை, ரொம்ப நாள் வெளியவே நிறுத்தி வச்சிருந்தாங்க. பிறகு சேர்த்துக்கிட்டாங்க.”

மகள் பேனாவின் மூடியைத் தேடினாள். அது சித்தியின் கைக்குள் இருந்தது. எப்போது எடுத்தோம் என்று சித்திக்கே தெரியவில்லை. குழந்தையை ஒரு கையால் அணைத்தபடி, மறுகையின் சுண்டுவிரலை அந்த வெற்று வரியின் மேல் வைத்தாள்.

“நானும் ரொம்ப நாளா வெளியவே நிக்கறேன்மா. இதுல என் பேரையும் எழுதுறியா?”