முள் என்றுதான் நினைத்தாள்

வெம்பக்கோட்டை அணைக்கு மேற்கே மூன்று ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருந்தாள் கற்பகவல்லி. கதிரெல்லாம் ஒடித்து வண்டி ஏற்றியாகிவிட்டது. காய்ந்த தட்டைகளை மாட்டுக்கென்று அறுத்து ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தபோது வலது கையில், சுண்டுவிரலுக்குக் கீழே சுருக்கென்று எதுவோ குத்தியது.

கையை உதறினாள். ஒரே ஒரு புள்ளி, அதில் குன்றிமணி அளவு ரத்தம். வரப்போரம் முழுக்கச் சீமைக்கருவேலம். அதன் முள்தான் தட்டையோடு சேர்ந்து வந்திருக்கும் என்று எண்ணி, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, சும்மாடு சுற்றிக் கட்டைத் தலையில் ஏற்றினாள். வீட்டுக்கு அரை மைல். மாட்டுக்கொட்டிலில் கட்டைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கை வீங்க ஆரம்பித்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். மஞ்சளை நனைத்துக்கொண்டு ரத்தம் மறுபடி கசிந்தது. ஒன்றரை மணி நேரமாக நிற்காமல் கசிந்துகொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாப்பிடலாம் என்று வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். தண்ணீர் சிவப்பாக விழுந்தது.

அப்போதுதான் வந்த அவள் கணவன் தங்கப்பாண்டியன் பார்த்துவிட்டான்.

"என்ன புள்ள, பல்லெல்லாம் ரத்தமா இருக்கு?"

"தெரியலையே. கையில முள்ளு குத்துச்சு, அம்புட்டுதான்."

அவன் உடனே மூன்று வயது மகள் ஓவியாவைப் பக்கத்து வீட்டு அழகுமீனாவிடம் விட்டுவிட்டு, கற்பகவல்லியைப் பைக்கில் ஏற்றிச் சிவகாசி அரசு ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள் வழியெல்லாம் ஊர்ந்தன. ஒவ்வொன்றைத் தாண்டும்போதும், "உக்காந்திருக்கியா?" என்று திரும்பாமலே கேட்டுக்கொண்டு போனான்.

அங்கே இருந்த டாக்டர் கீர்த்திகாவுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நர்ஸ் வளையல்களையும் மோதிரத்தையும் கழற்றினார்.

"முள்ளக் கண்ணால பாத்தீங்களாக்கா?"

"பாக்கல டாக்டரம்மா. ஆனா முள்ளுதான். பாம்புன்னா ரெண்டு பல்லு பட்டிருக்கும்ல?"

டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசையாமல் மேசைமேல் நிறுத்தினார். "இருபது நிமிஷம் யாரும் தொடாதீங்க" என்றார்.

இருபது நிமிடம் கழித்து அந்தக் குழாயை மெல்லச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

"இந்நேரம் இது உறைஞ்சிருக்கணும். முள்ளு குத்தினா ரத்தம் இப்படி ஆகாது. இது விரியன் கடி. ஒரு பல்லு மட்டும்கூடப் படும்க்கா."

கற்பகவல்லி, "நான் பாம்பையே பாக்கலையே" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

விஷமுறிவு மருந்தை ஏற்பாடு செய்தபடியே டாக்டர் கேட்டார்: "எங்க வச்சுக் குத்துச்சு?"

"தட்டைக்கட்டுக் கட்டும்போது..."

சொல்லி முடிக்கும் முன்பே அவள் முகம் வெளிறியது. அந்தக் கட்டை அவள் தலையில் சுமந்து வந்திருக்கிறாள். அது இப்போது கொட்டிலில் கிடக்கிறது.

"ஏங்க, நம்ம புள்ள கொட்டில்லதான விளையாடும்!"

தங்கப்பாண்டியன் போனை எடுத்தான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான நம்பருக்குப் போனது. பிறகு அழகுமீனா எடுத்தாள்.

"மீனா, ஓவியா எங்க?"

"இங்கனதாண்ணே, உங்க கொட்டில்ல. தட்டைக்கட்டு மேல உக்காந்து கன்னுக்குட்டிகிட்ட பேசிக்கிட்டிருக்கா. மதினிக்கு எப்படி..."

"தூக்கு அவள! தூக்கிட்டு வெளிய ஓடு!"

போன் கீழே விழுந்த சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஊசி ஏறிய கையோடு கற்பகவல்லி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் பிடித்து அமுக்கியும் அவள் படுக்கவில்லை. கடைசியில் குழந்தையின் அழுகை போனில் கேட்டது.

"தூக்கிட்டேண்ணே. கையி காலு எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

அழகுமீனாவின் கணவன் சுடலை நீளக் கம்பால் கட்டைத் தள்ளித் தள்ளிப் பிரித்தான். நடுவில், விரல் தடிமனில் ஒன்று சுருண்டு கிடந்தது. உடம்போடு உடம்பை உரசி, உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி சத்தம் போட்டது. தூரத்திலிருந்து அவன் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்து, "சுருட்டை விரியன். பக்கத்துல போக வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மருந்து ஏறும்போது கற்பகவல்லிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அதற்கும் ஊசி போட்டார்கள். ஆறு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தமும் உறையவில்லை. மறுபடி மருந்து ஏற்றினார்கள். அடுத்த சோதனையில்தான் உறைந்தது. தங்கப்பாண்டியன் வராந்தாச் சுவரோரம் குந்தி, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கை இன்னும் கறுத்துப்போய்த்தான் இருந்தது. அழகுமீனா பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கஞ்சி கொண்டுவந்தாள். கிண்ணத்தை வைத்தவள் போகாமல் நின்றாள்.

"மதினி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஓவியா தானா ஏறி உக்காரல. மாடு முட்டிருமோன்னு நான்தான் தூக்கி அந்தக் கட்டுமேல வச்சேன். அஞ்சு நாளா எனக்குச் சோறு இறங்கல."

கற்பகவல்லி நல்ல கையை நீட்டி அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். கஞ்சிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி, "மொதல்ல நீ குடி" என்றாள்.