ஏழாம் எண் ஆட்டின் ஓய்வு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது தப்பு. மூக்கு நுனி வரைக்கும் வந்து சேர அதற்குப் பொறுமை கிடையாது.

புதன்கிழமை காலை பேராசிரியர் என் மேஜையில் ஒரு தாளை வைத்தார். 'சென்சார் பழுது' என்று தலைப்பு. கீழே மூன்று கையெழுத்துக்கு இடம். பேராசிரியர் போட்டுவிட்டார், கால்நடை டாக்டரும் போட்டுவிட்டார். மூன்றாவது இடம் சென்சாரை அளந்து சரிபார்த்துக் கொடுத்த ஆளுக்கு. அந்த ஆள் நான்தான், பத்தொன்பது வருஷமாக.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆடுகளை ஓடவிட்டு இதயத்தை அளக்கிறோம். மயக்க மருந்தில் கிடக்கும் மிருகத்தின் இதயத்தை அளப்பது பெரிய காரியமில்லை. ஓடுகிற மிருகம்தான் பாடாய்ப் படுத்தும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி டாக்டர் ஒரு சென்சார் வளையத்தைப் பொருத்துவார். தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. காயம் நன்றாக ஆறிய பிறகு ஆடு டிரெட்மில்லில் ஓடும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் பாய்கிறது என்பது கம்பியில்லாமல் திரைக்கு வரும். எல்லாம் முடிந்ததும் ஆட்டுக்கு வலியில்லாமல் ஊசி போட்டு, இதயத்தை எடுத்துப் பார்ப்போம். ஆறு ஆடுகள் அப்படிப் போய்விட்டன.

அந்த ஆறும் சொல்லி வைத்தாற்போல் நடந்துகொண்டன. ஓய்வில் ஐந்து லிட்டர், ஓட்டத்தில் பதினைந்து. மூன்று மடங்கு. பேராசிரியர் இந்த மூன்று மடங்கை வைத்துக் கட்டுரையே எழுதி முடித்துவிட்டார். ஏழாவதாக வந்தாள் ராங்கி. நான் வைத்த பெயர்தான். தீவனத் தட்டை வைத்தால், வைத்த ஆள் நகரும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். அவளுக்கு ஓய்வில் எட்டு லிட்டர், ஓட்டத்தில் பன்னிரண்டு. ஒன்றரை மடங்கு. கட்டுரையின் நடுவில் போய்க் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிச்சிடலாம். வளையத்த எடுத்துப் பழுது பார்த்து எட்டாவது ஆட்டுக்கு வச்சுக்கலாம்" என்றார் பேராசிரியர்.

"சார், இந்த வளையத்த அளந்தது நான். உப்புத்தண்ணிய குழாயில விட்டு, அளவுக் குவளைய கீழ வச்சு, ஸ்டாப்வாட்ச கையில புடிச்சுக்கிட்டு நாப்பது தடவ அளந்தேன். ஒரு தடவகூட பிசகல."

"உள்ள வச்ச பிறகு நழுவியிருக்கலாமேம்மா."

"நழுவியிருந்தா எண்ணு தாறுமாறா குதிக்கும். இது குதிக்கல. தினம் அதே எட்டு, அதே பன்னெண்டு."

"அப்ப ஆட்டோட இதயத்துல ஏதோ கோளாறு. எப்படியும் திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"திறந்து பார்த்து ஒண்ணுமில்லேன்னா? திரும்ப மூடி வச்சு எழுப்பி விட்டுடுவீங்களா?"

பேராசிரியரோடு வந்திருந்த டாக்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேராசிரியர் கெட்டவரில்லை, சத்தம் போட்டுப் பேசவும் மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள வேற காரணம் காட்டுங்க. இல்லேன்னா கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"காரணம் காட்டுறேன். கையெழுத்து மட்டும் போடமாட்டேன், எழுதி வச்சுக்கோங்க."

வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, காரணம் என்ன என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த எட்டையும் பன்னிரண்டையும் கூட்டிக் கழித்துக்கொண்டே போனேன். நான் தோற்றால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவளுக்குத்தான்.

வீட்டில் என் கணவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். பஸ் டிரைவர். அன்றைக்கு விடுமுறை. சாயங்கால வெயில் முகத்தில் அடிக்க, பாதித் தூக்கம். பழக்கதோஷம், நான் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி அறுபத்திரண்டு.

"செத்துட்டேனான்னு பாக்கறியா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"பேசாதீங்க, ஏறிடும்."

அப்போது தெருமுனையில் பணிமனை வேன் ஹாரன் அடித்தது. மாலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் வண்டி. தினமும் அவர் அதில்தான் போவார். அன்றைக்கு எதிர்வீட்டுக்காரருக்காக வந்திருந்தது. என் கணவர் அசையவில்லை, கண்ணைக்கூடத் திறக்கவில்லை. என் விரலுக்கடியில் நாடி மட்டும் தடதடவென்று கிளம்பிவிட்டது. எண்ணிப் பார்த்தேன். தொண்ணூறு.

"ஏங்க, இன்னைக்கு லீவுதானே! எங்க ஓடுறீங்க?"

"நான் எங்கடி ஓடுறேன்? உடம்பு ஹாரன் கேட்டதும் வண்டி ஏறிடுச்சு. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

நான் அவர் கையை உதறிவிட்டு எழுந்தேன். "அடப்பாவமே!" என்று கத்தியேவிட்டேன். அவர் பயந்துபோய் நேராக உட்கார்ந்தார். நாடி நூறைத் தாண்டியிருக்கும், எண்ண நேரமில்லை.

எங்கள் வேலையில் ஓய்வு என்பது என்ன? ஆட்டை டிரெட்மில் பட்டை மேல் ஐந்து நிமிடம் சும்மா நிற்க வைப்போம். அப்போது வரும் எண்ணுக்கு நேரே 'ஓய்வு' என்று எழுதுவோம். ஆனால் மோட்டார் சூடாக வேண்டும் என்று பத்து நிமிடம் முன்பே அதைப் போட்டுவிடுவோம். அது காலுக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும். ராங்கி முதல் வாரமே அந்தப் பட்டையில் சறுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள். அதன்பிறகு பட்டை மேல் ஆடாமல் அசையாமல் நிற்பாள், பார்த்தால் சாந்த சொரூபி. உள்ளே அவள் அதற்குள் பாதி தூரம் ஓடியிருப்பாள். பத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டத்தில் 'ஓய்வு' என்று எழுதிய கை என்னுடையது. என் மேலேயே எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

வியாழக்கிழமை சென்சாரின் எண்ணை வாங்கிக் காட்டும் ரிசீவர் பெட்டியைத் திரையோடு டிரெட்மில் அறையிலிருந்து கழற்றி, ராங்கியின் கொட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எந்த ஆட்டுக்கும் நாங்கள் அப்படிச் செய்ததில்லை. அவள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். திருப்பு, தாராளமாகத் திருப்பு என்று சொல்லிவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துப் படுத்தாள், அசைபோட ஆரம்பித்தாள். திரையில் எண் இறங்கி இறங்கி நாலில் நின்றது.

எதிர்ப்பக்க டிரெட்மில் அறையில் இருந்த பையனிடம் மோட்டாரைப் போடச் சொன்னேன். ராங்கி படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. அசைபோடுவதை மட்டும் நிறுத்தினாள். திரையில் ஐந்து, ஆறு, எட்டு. மோட்டாரை நிறுத்தி இருபது நிமிடம் கழித்து மறுபடி நாலு. அன்றைக்கு ஐந்து முறை செய்து பார்த்தேன், ஐந்து முறையும் அதே கதை. நாலிலிருந்து பன்னிரண்டு என்றால் அவளுக்கும் மூன்று மடங்குதான். என் வளையம் பொய் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தாள்களைப் பேராசிரியர் முன்னால் போட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"ரிசீவர் இடம் மாறினா எண்ணும் மாறலாம். இத மட்டும் வச்சு நான் ஒத்துக்க முடியாது."

"அப்ப நீங்களே வந்து பாருங்க. கொட்டில் ஒண்ணும் கடல் தாண்டி இல்ல."

வந்தார். வெள்ளைக் கோட்டோடு, கையில் அந்தத் தாளோடு. மோட்டார் நின்றுதான் இருந்தது. ராங்கி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். நாலில் இருந்த எண் ஏழுக்கு ஏறியது.

"பாத்தீங்களா?" என்றார். குரலில் வருத்தம்தான் இருந்தது. "மோட்டார் ஓடல. ஆனாலும் ஏழு. சென்சார் பழுதுதாம்மா."

"பழுது இல்ல சார். நீங்க."

"நானா?"

"கோட்டுப் போட்டவங்க வந்தா எதுக்கு வருவாங்கன்னு அவளுக்குத் தெரியாதா? கோட்டக் கழட்டி அப்படி வைங்க. இந்த வாளியில உக்காருங்க. வாயத் தொறக்காதீங்க."

பேராசிரியரிடம் இந்தக் கூடத்தில் யாரும் அப்படிப் பேசியதில்லை. பேசிய பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆனது ஆகட்டும் என்று நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், கோட்டைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார். வாளியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மார்பை முட்டின.

பத்து நிமிடத்தில் ஆறு. அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஐந்து. ராங்கி பெருமூச்சு விட்டு, கீழ்த்தாடையை ஒருமுறை பக்கவாட்டில் இழுத்து, அசைபோடத் தொடங்கினாள். நாலு. எதிர் அறையில் மோட்டாரைப் போடச் சொல்லிக் கையசைத்தேன். அவள் தாடை நின்றது. எட்டு.

மோட்டாரை நிறுத்தச் சொன்னேன், எண் மெல்ல மறுபடி நாலுக்கு இறங்கியது. பேராசிரியர் கிசுகிசுவென்று கேட்டார்.

"அப்ப அந்த ஆறு ஆடு?"

"அதுங்களையும் பட்டை மேல நிக்க வச்சுத்தான் ஓய்வுன்னு எழுதினோம். எழுதினது நான்தான்."

"நெஜமான ஓய்வு எவ்வளவு இருந்திருக்கும்?"

"யாரப் போய்க் கேக்கறது சார்? ஆறும் போயாச்சு. கேட்டா பதில் சொல்ல இவ ஒருத்திதான் உயிரோட இருக்கா."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மூன்றாவது இடம் வெறுமையாகவே இருந்தது. அந்த நேரத்தில் வாசலில் டாக்டர் வந்து நின்றார். ஊசித்தட்டின் மேல் வெள்ளைத் துணி மூடியிருந்தது.

"சார், பன்னெண்டு ஆச்சு."

பேராசிரியர் பதில் சொல்ல வாளியைவிட்டு எழுந்தார். திரையில் எண் ஒரே தாவலில் ஆறுக்கு ஏறியது.

"உக்காருங்க சார்" என்றேன்.

உட்கார்ந்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், ஊசித்தட்டை எடுத்துக்கொண்டு போகும்படி டாக்டருக்குக் கையைக் காட்டினார்.