வளைவில் ஹாரன் அடிக்கவும்

ஜீப் சந்துக்குள் நுழைந்ததும் குழாயடியில் பேச்சு நின்றுவிட்டது. ஒருத்தி வாளி நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாடியில் துணி உலர்த்தியவள் உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டாள். ஜீப்பின் முன்னால் கொட்டை எழுத்தில் ‘அரசு’ என்று இருந்தது. நான் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினேன். அந்தச் சத்தத்தில்தான் எனக்கே உறைத்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய்! பெண்கள் காப்பகத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான். ஒரு வீட்டுக்கும் வண்டியில் போய் இறங்கியதில்லை. தெருமுனையிலிருந்து தூரத்து உறவுக்காரி மாதிரி கையில் ஒரு பையோடு நடந்துதான் போவேன். அரசு வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் புத்தி ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நான் தேடி வந்தவளுக்கு எங்கள் பயிற்சிக்கூடத்தில் ஹாரன் என்று பெயர். கிடங்குகளில் சரக்கைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட அங்கே சொல்லித் தருகிறோம். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஆண்கள் முதல் வாரத்தோடு அதை மறந்துவிடுவார்கள். இவள் மட்டும், கூடத்தில் ஈ காக்கை இல்லாத நேரத்திலும் வளைவுக்கு வளைவு அடிப்பாள். “யாரும்மா இருக்கா அங்க, பேயா?” என்று கேலி செய்வார்கள். “இருந்தா ஒதுங்கிக்கட்டும்” என்பாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். புருஷனை விட்டுவிட்டு வந்து அண்ணன் வீட்டில் இருந்தாள். நாளைக்கு ஓட்டுநர் தேர்வு. தேறுகிறவர்களை ஒரு பெரிய கிடங்கு அப்படியே வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தேர்வுக்கு வராதவர்களின் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். இரண்டு நாளாக அவள் வரவில்லை.

“பேர அடிச்சிரலாம் மேடம், எத்தனை பேர் க்யூவுல நிக்கிறாங்க” என்று காலையில் பயிற்சியாளர் சாதாரணமாகச் சொன்னார். அடிப்பதாம்! ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பியதே அந்த எரிச்சலில்தான்.

வாசலில் அண்ணன்காரன் நின்றிருந்தான். முரடன் இல்லை, அதுதான் கஷ்டம். வேலை செய்யும் இடத்தில் யாரோ அவனைக் கிண்டல் செய்திருக்கிறார்கள், தங்கச்சி லோடு வண்டி ஓட்டுறாளாமே என்று. அதை விழுங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் வீட்டு வாசலில் அரசு ஜீப் வேறு.

“என்ன மேடம், என் தங்கச்சி என்ன திருடிட்டாளா? ஜீப்ல ஏத்திட்டுப் போக வந்திருக்கீங்க?”

“நாளைக்கு அவளுக்குப் பரீட்சைங்க. அதச் சொல்லிட்டுப் போகலாம்னுதான்...”

“விட்டுட்டு வந்தவள வச்சு நான் சோறு போடறேன்ல? அப்புறம் என்னத்துக்கு அவளுக்கு வேலை?”

கதவு சாத்தப்பட்டது. ஜன்னலுக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. அழுதிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

“நடந்து வந்திருக்கலாமே மேடம்” என்றாள்.

சுருக்கென்று தைத்தது. டிரைவர் அண்ணன் ஜீப்பைப் பின்னாலேயே எடுத்துச் சந்தை விட்டு வெளியே வந்தார்.

காப்பகத்தை விட்டு நான் வந்தது ஏன் என்று இங்கே யாருக்கும் தெரியாது. சம்பளத்துக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய தோழிகளோ, நான் கட்சி மாறிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். பேசிக்கொள்ளட்டும். அங்கே ஒருத்தி உதட்டில் ரத்தத்தோடு வருவாள். படுக்கை கொடுப்போம், வக்கீல் பார்த்துக் கொடுப்போம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்கூடப் பார்ப்போம். வருமானம் மட்டும் எங்களால் கொடுக்க முடியாது. சில மாதங்களில் அடித்தவனிடமே திரும்பிப் போவாள். போகும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவாள். அவள் என்னிடம்! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுக்கிற இடம் எதுவோ அங்கே போய் உட்கார்கிறேன் என்றுதான் இந்தத் துறைக்கு வந்தேன்.

மத்தியானம் இணை இயக்குநர் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான், யாரையும் அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் அவர் அறையில் எதிரே போட்டிருக்கும் நாற்காலி அவருடையதைவிட ஒரு பிடி தாழ்வு. உட்கார்ந்தால் அண்ணாந்துதான் பேச வேண்டும். நான் நின்றுகொண்டேன்.

“அந்தத் தெருவுல இருந்து புகார் வந்திருக்கு. நீங்க இன்னும் பழைய வேலையிலயே இருக்கீங்க. வீட்டுப் பிரச்சனை நம்ம துறை இல்ல. ஒரு ஆள் வரலைன்னா அடுத்த ஆள். நம்ம வேலை சீட்டை நிரப்புறது.”

“சீட்டுல யாரு உக்காரணும்கிறதும் நம்ம வேலைதான் சார்.”

“என் அனுமதி இல்லாம இனி ஜீப் வெளிய போகக் கூடாது. நீங்க இன்னும் பர்மனென்ட் ஆகலை, ஞாபகம் இருக்கட்டும்.”

மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் கோபம் வந்தது. வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டேன்.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு நடந்து போனேன். அவள் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. குழாயடிக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் சோப்பு வாங்குவது போல நின்றேன். பழைய வித்தை, மறக்கவில்லை. கடைக்காரர் மூன்று வகை சோப்பைக் காட்டி முடித்து, நான்காவதை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் வாளியோடு வந்தாள். என்னைப் பார்க்காமலே இரண்டடி தள்ளிக் குழாயடியில் நின்றாள்.

“கோவமா?” என்றேன்.

“இருக்காதா பின்ன? போலீஸ் வந்துச்சா, என்னத்தத் திருடினான்னு தெருவே கேக்குது.”

“தப்புதான். நாளைக்கு விடியறதுக்குள்ள முனையில வந்து நிக்கிறேன். யாருக்கும் தெரியாம நடந்தே போயிரலாம்.”

குழாயைத் திறந்தவள் பட்டென்று மூடினாள். இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

“வேணாம். யாருக்கும் தெரியாமப் போனா திருடினதுதான்னு ஆயிரும். ஜீப்லயே வாங்க. எல்லாரும் எந்திரிச்சப்புறம் வாங்க. உள்ள மட்டும் வராதீங்க, முனையில நிறுத்திட்டு ஹாரன் அடிங்க. நானே நடந்து வர்றேன்.”

“உங்க அண்ணன் விடுவாரா?”

“அண்ணன்கிட்ட சொல்லிட்டு வருவேன். கேட்டுட்டு இல்ல.”

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இத்தனை காலம் பெண்களைச் சத்தமில்லாமல் வீட்டை விட்டு வெளியே கொண்டுவருவதுதான் என் திறமை என்று நினைத்திருந்தேன். ஒருத்தியிடமாவது எப்படிப் போக ஆசை என்று கேட்டேனா?

காலையில் டிரைவர் அண்ணன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததுமே சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சாவிய உங்ககிட்ட குடுக்கக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு மேடம்.”

“குடுக்காதீங்கண்ணே. நீங்களே ஓட்டுங்க. கேட்டா நான்தான் ஓட்டச் சொன்னேன்னு சொல்லுங்க.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். “சர்வீசுக்குப் போறதா எழுதிக்கவா?”

“வேணாம். பயிற்சிப் பெண்ணைத் தேர்வுக்குக் கூட்டிட்டு வரப் போறதா எழுதுங்க. கீழ நான் கையெழுத்துப் போடறேன்.”

“உங்க வேலைக்கு உலை வச்சிருவாங்களே மேடம்.”

“அவளுக்கு இன்னும் வேலையே கிடைக்கலையே அண்ணே.”

என் கையெழுத்தை எப்போதும் கிறுக்கிவிடுவேன். அன்றைக்கு எழுத்தெழுத்தாகப் போட்டேன்.

சந்து முனையில் நிறுத்தினோம். குழாயடியில் கூட்டம் இருந்தது. பெட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, சோப்பு வாங்காமல் போன அம்மாளா ஜீப்பில் என்று வாயைப் பிளந்தார். டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குறுக்கே கை நீட்டி ஹாரனை அழுத்தினேன். இன்னொரு தடவையும் அழுத்தினேன்.

உள்ளே குரல்கள் உயர்ந்தன. அவனுடையது, அப்புறம் அவளுடையது. ஏதோ ஒரு பாத்திரம் விழுந்தது. இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. வர வேண்டாம் என்றாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறந்தது. பயிற்சிக்கூடத்தில் கொடுத்த மஞ்சள் மேலங்கியைப் போட்டு, தலைக்கவசத்தை மாட்டி, தாடையில் பட்டியை இறுக்கியபடி வந்தாள். கூடத்துக்குப் போய்ப் போட வேண்டியதைத் தெருவிலேயே போட்டிருந்தாள். பின்னாலேயே அண்ணன் சட்டையில் ஒரு கையை நுழைத்துக்கொண்டே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினான். தடுக்க வருகிறானா கூட வருகிறானா, எனக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

குழாயடிக்கு முன்னால் சந்து ஒரு வளைவு எடுக்கிறது. பாதையை அடைத்துக்கொண்டு பெண்கள் வாளிகளோடு நின்றிருந்தார்கள். அவள் அங்கே நின்றாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள்.

“பாம்ம்!” என்று வாயாலேயே அடித்தாள், தெரு அதிர.

வாளிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின.